நுளம்பும் மருந்தும் மக்களும்: இலங்கையில் மலேரியாவின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1

பொதுமக்களுக்கென எழுதப்படும் விஞ்ஞானக் கட்டுரைகள் பலவற்றுக்குப் பொதுவானதோர் அமைப்பு உண்டு. மக்கள் நெடுங்காலம் ஒரு துன்பத்துக்கு ஆளாகியிருப்பர். அறிஞர் ஒருவர் ஆய்வுகூடத்தில் அல்லும் பகலும் உழைத்து அதன் மூலகாரணத்தைக் கண்டறிவார். உடனே துன்பம் அகலும். மக்கள் வாழ்வு மலரும். பாடநூல்களும் வார இதழ்களின் அறிவியற் பக்கங்களும் இவ்வமைப்பையே திரும்பத் திரும்பக் கையாள்கின்றன. இலக்கிய மாணவர் இதனை எளிதில் இனங்கண்டுகொள்வர். அரக்கன், வீரன், வெற்றி என்னும் பழைய கதையின் சட்டகமே இங்கு வெண்ணிற மேலங்கி அணிந்து வந்து நிற்கிறது.

இவ்வமைப்பில் இரு கருதுகோள்கள் மறைந்துள்ளன. கண்டுபிடிப்பு என்பது தனிமனித மேதைமையின் விளைவு என்பது ஒன்று. கண்டறியப்பட்ட உண்மை தானாகவே மக்களின் வீட்டு வாயிலை வந்தடையும் என்பது மற்றொன்று. முதலாவது கருத்து பலராலும் விமர்சிக்கப்பட்டுள்ளது. 1931ஆம் ஆண்டு லண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டில் சோவியத் அறிஞர் பொரிஸ் ஹெஸன் நியூற்றனின் பௌதிகத்தை அவர் காலத்துப் பொருளாதாரத் தேவைகளோடு இணைத்து ஆராய்ந்தார். அக்கட்டுரையினால் ஆகர்ஷிக்கப்பட்டோருள் ஒருவரான ஜே. டி. பேர்னால் 1939இல் விஞ்ஞானத்தின் சமூகப்பணி பற்றித் தனிநூலே எழுதினார். ஆயின் இரண்டாவது கருத்து அந்தளவுக்குக் கேள்விக்கு உட்படுத்தப்பட்டதாகக் கூறுதற்கில்லை. ஆய்வுகூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையிலான தூரத்தைக் கடப்பது யார், எவ்வாறு, எவர் செலவில் என்னும் வினாக்கள் பொதுமக்கள் விஞ்ஞானத்தில் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தேடுவதற்கு இலங்கையின் மலேரியா வரலாறு மிகப் பொருத்தமானதோர் உதாரணமாகும். ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டுக்குள், ஒரே நோய் தொடர்பாகக் கண்டுபிடிப்புகள் பயன்படாது போனமையையும், வியக்கத்தக்க வகையிற் பயன்பட்டமையையும், மீண்டும் தோல்வியுற்றமையையும், ஈற்றில் வெற்றி ஈட்டியமையையும் நாம் அங்கு காண்கிறோம். ஆகவே, அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

2

மலேரியா என்னும் பெயரே ஒரு பழைய நம்பிக்கையின் எச்சமாகும். இத்தாலிய மொழியில் அது தீய காற்று எனப் பொருள்படும். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே காய்ச்சலைத் தோற்றுவிக்கிறது என ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பினர். தமிழர் அதனை முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் வழங்கினர். ஒருநாள் விட்டு ஒருநாளோ இருநாள் விட்டோ தவறாது திரும்பிவரும் நடுக்கத்தைக் கூர்ந்து கவனித்து இட்ட பெயர் அது. காரணத்தை அறியாதவிடத்தும் நோயின் போக்கை மக்கள் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும்.

இலங்கையின் உலர் வலயக் கிராம வாழ்க்கையில் காய்ச்சல் பருவகாலத்தைப் போன்றதோர் நிலையான அம்சமாக இருந்தது. 1904 முதல் 1911 வரை இலங்கை நிர்வாக சேவையிற் கடமையாற்றிய லெனாட் வூல்ஃப், 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய தம் நாவலில் பசி, கடன், காய்ச்சல் ஆகியவற்றை ஒன்றோடொன்று பிணைந்தனவாகவே சித்திரித்துள்ளார். நோயை வறுமையிலிருந்து பிரித்து நோக்க முடியாது என்பதை மருத்துவ அறிக்கைகளுக்குக் குறையாத தெளிவுடன் அந்நாவல் உணர்த்துகிறது.

நோயின் உண்மையான காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே புலனாயிற்று. 1880இல் அல்ஜீரியாவிற் பணிபுரிந்த பிரெஞ்சு இராணுவ மருத்துவரான லவெரான் நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த ரொனால்ட் றோஸ் 1897 ஓகஸ்ற் 20ஆம் திகதி செகந்தராபாத்தில் நுளம்பின் இரைப்பைச் சுவரில் அவ்வொட்டுண்ணியின் வளர்ச்சிப் படியொன்றை இனங்கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளிடத்து நோய் பரவும் வட்டத்தை அவர் முழுமையாக நிறுவினார். மனிதருக்கு நோயைப் பரப்புவது அனோபிலிஸ் இன நுளம்பே என்பதை அதே ஆண்டில் இத்தாலியரான கிராஸியும் அவருடைய சகாக்களும் தெளிவுபடுத்தினர். 1902இல் றோஸுக்கும் 1907இல் லவெரானுக்கும் நோபல் பரிசு கிட்டியது.

இக்கதையிற் பெரும்பாலும் இடம்பெறாத ஒருவரையும் நாம் இங்கு குறிப்பிடுதல் வேண்டும். செகந்தராபாத் ஆய்வுக்குப் பயன்பட்ட நுளம்புகள் ஹுசைன் கான் என்னும் இந்திய நோயாளியின் குருதியையே உறிஞ்சியிருந்தன. தம்மைக் கடித்த ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா வீதம் அவருக்குக் கூலி வழங்கப்பட்டது. நவீன மருத்துவத்தின் தலையாய கண்டுபிடிப்பொன்றில் குடியேற்ற நாட்டு ஏழையொருவரின் உடல் மூலப்பொருளாக அமைந்தது. றோஸின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. ஆயின், அவ்வாற்றல் எத்தகைய உறவுகளின் நடுவே செயற்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. 1898இல் லிவர்பூலில் வெப்பவலய நோய் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டபோது அதற்குப் பொருளுதவி புரிந்தோர் மேற்கு ஆபிரிக்க வர்த்தகத்திலீடுபட்ட கப்பற் கம்பனி முதலாளிகளே. அவர்களுடைய உடனடிக் கவலை ஐரோப்பிய அலுவலரதும் வணிகரதும் உயிர் பற்றியதாக இருந்தது.

3

நோயின் காரணம் அறியப்படுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அதற்கான மருந்து இருந்தது. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைச்சாரலில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் தெரியவந்தது. 1820இல் பெல்ற்றியே, கவென்ரு என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் இருவர் அப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். வெப்பவலய நாடுகளில் இராணுவத்தையும் நிர்வாகத்தையும் நிலைநிறுத்துவதற்குக் கொயினா இன்றியமையாததாயிற்று. எனவே சிங்கோனாவைத் தம் குடியேற்றங்களிற் பயிரிட ஏகாதிபத்திய அரசுகள் போட்டியிட்டன. பொலிவியாவைச் சேர்ந்த மனுவெல் இன்க்ரா மமானி என்னும் சுதேசியர் உயர்தர விதைகளைச் சேகரித்து ஆங்கில வணிகரான சாள்ஸ் லெட்ஜருக்கு உதவினார். அவ்விதைகள் 1865இல் ஒல்லாந்தருக்கு விற்கப்பட்டு யாவாவின் பெருந்தோட்டங்களுக்கு அடிப்படையாயின. மமானியோ பின்னர் விதை சேகரித்த குற்றத்துக்காகச் சிறையிலடைக்கப்பட்டுத் தாக்குண்டு மாண்டார்.

இலங்கையில் 1861இல் ஹக்கலைத் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டமைக்குச் சிங்கோனாப் பயிர்ச்செய்கை பற்றிய பரிசோதனையே காரணம். 1869இற் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தபோது தோட்டத்துரைமார் சிங்கோனாவின் மீது கண் வைத்தனர். 1880களில் இலங்கை உலகின் முதன்மையான சிங்கோனா ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாகத் திகழ்ந்தது. மலையகத்துத் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பினால் விளைந்த பட்டை கப்பல் கப்பலாக லண்டன் சந்தைக்குச் சென்றது. மிகையுற்பத்தியால் விலை சரிந்தது. மரங்கள் பிடுங்கப்பட்டன. அவ்விடங்களில் தேயிலை நடப்பட்டது. பின்னர் உலகக் கொயினாச் சந்தையில் மிகப் பெரும்பகுதி யாவாவின் ஆதிக்கத்துக்குட்பட்டது. 1913இல் உற்பத்தியாளரும் ஆலைக்காரரும் செய்துகொண்ட உடன்பாடு விலையை ஒரு கூட்டுக்குழுமத்தின் கைக்கு மாற்றியது.

இவ்வரலாற்றின் பொருளை நாம் சிந்தித்தல் வேண்டும். காய்ச்சலால் வாடும் நாடு ஒன்றில் அக்காய்ச்சலின் மருந்து பயிராயிற்று. அந்நாட்டு மக்களுக்கு அதனை வழங்குவது பற்றிய எண்ணம் அப்பயிர்ச்செய்கையின் தோற்றத்திலும் இடம்பெறவில்லை, மறைவிலும் இடம்பெறவில்லை. விலை உயர்ந்தபோது மரம் நடப்பட்டது. விலை வீழ்ந்தபோது அகற்றப்பட்டது. மருந்தின் பயன்பெறுமதியை அதன் பரிவர்த்தனைப் பெறுமதி விழுங்கிவிட்டது எனலாம்.

4

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. ஈர வலயத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பினம் பெருகுவதற்கு வெயில் படும் இத்தகைய தெளிந்த நீர்த்தேக்கங்களே மிக வாய்ப்பானவை. இவ்வினமே இலங்கையில் நோயைப் பரப்பும் முதன்மை நுளம்பு என்பது 1920களிலேயே ஆராய்ச்சியாளரால் இனங்காணப்பட்டிருந்தது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் நோய் வெடித்தெழுந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. உலர் வலயத்தவர் சிறுவயது முதலே நோயைத் தாங்கித் தாங்கி ஓரளவு எதிர்ப்புச்சக்தி பெற்றிருந்தனர். ஆற்றோரக் கிராமங்களின் மக்களுக்கோ அது வாய்த்திருக்கவில்லை.

1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 53 இலட்சந்தான். அறுபது எழுபது பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இறப்பு நிகழ்ந்தது. 1935இல் உயிருடன் பிறந்த ஒவ்வோர் 1,000 குழந்தைகளிலும் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்பது அப்பேரழிவின் தன்மையைக் காட்டும்.

இங்கு நாம் ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தல் அவசியம். கொயினா பிரித்தெடுக்கப்பட்டு 114 ஆண்டுகள் கழிந்திருந்தன. றோஸின் கண்டுபிடிப்புக்கு 37 ஆண்டுகள் நிறைந்திருந்தன. அறியப்படாத நோயொன்றினால் இம்மக்கள் சாகவில்லை. காரணமும் மருந்தும் நன்கறியப்பட்ட நோயினாலேயே செத்தனர். மழைவீழ்ச்சியே கொள்ளைநோயைத் தீர்மானிக்கிறது என்னும் விளக்கமும் முழுமையானதன்று. 1908ஆம் ஆண்டின் பஞ்சாப் மலேரியாவை ஆராய்ந்த எஸ். ஆர். கிறிஸ்ரொபேர்ஸ் மழையோடு தானிய விலையும் இறப்பைத் தீர்மானித்தது என 1911இலேயே காட்டியிருந்தார். அதாவது, பசிக்கும் காய்ச்சலுக்குமுள்ள உறவு குடியேற்ற ஆட்சியின் சொந்த மருத்துவரால் எழுத்தில் வடிக்கப்பட்டிருந்தது. பட்டினி உடலில் ஒட்டுண்ணி எவ்வாறு தொழிற்படுகிறது என்பது குறித்து மருத்துவ வரலாற்றாசிரியரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் 1934இன் கேகாலைக் குடியானவனின் நிலை பற்றி ஐயத்துக்கு இடமில்லை. உலகப் பொருளாதார மந்தத்தால் தெங்குப் பொருள்களும் இறப்பரும் விலை வீழ்ந்து, கூலிவேலை அருகி, வரட்சியால் வயலும் பொய்த்த வேளையிலேயே நோய் அவன் வீட்டினுட் புகுந்தது. நோயாளி படுத்தால் வீட்டில் அடுப்பெரியாது. அடுப்பெரியாத வீட்டில் நோயாளி எழமாட்டான்.

இந்நிலையிலேயே சூரிய மல் இயக்கத்தின் பணி முக்கியத்துவம் பெறுகிறது. யுத்த நினைவு நாளான நவம்பர் 11இல் பிரித்தானியர் விற்ற பொப்பி மலருக்குப் போட்டியாகச் சூரிய மலரை விற்கத் தொடங்கிய இவ்வியக்கம், இளைஞர் கழகங்களின் தலைமையில் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக வளர்ந்தது. அதன் தொண்டர்கள் நோயுற்ற கிராமங்களுக்கு மருந்தோடு உணவையும் கொண்டுசென்றனர். மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அதில் முன்னின்று உழைத்தனர். பருப்பு விநியோகித்தமையால் என். எம். பெரேராவுக்குக் கிராம மக்கள் ‘பருப்பு மாத்தயா’ எனப் பெயரிட்டழைத்தனர் என்பது பிரசித்தம். அப்பட்டப் பெயருள் ஒரு மருத்துவக் கோட்பாடே அடங்கியுள்ளது எனலாம். கொயினாக் குளிசை ஒட்டுண்ணியைக் கொல்லும். எழுந்து நடமாடுவதற்குப் பருப்பு வேண்டும்.

1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. 1936இல் நடைபெற்ற அரசாங்க சபைத் தேர்தலில் றுவன்வெல்லத் தொகுதியில் என். எம். பெரேராவும் அவிசாவளைத் தொகுதியில் பிலிப் குணவர்த்தனவும் வெற்றி பெற்றனர். இவையிரண்டும் காய்ச்சல் கொடுமை புரிந்த களனிப் பள்ளத்தாக்குப் பிரதேசத்தைச் சேர்ந்தவை என்பது தற்செயலானதன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற மக்கள், வைத்தியசாலையும் மருந்தும் ஆட்சியாளரின் கருணையல்ல என்பதை உணரத் தலைப்பட்டனர்.

5

அடுத்த கட்டம் டி.டி.ரி. உடன் தொடங்குகிறது. 1874இலேயே செயற்கையாக ஆக்கப்பட்டிருந்த இச்சேர்வையின் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939இல் சுவிற்சலாந்தில் கைகி கம்பனியைச் சேர்ந்த போல் முல்லர் கண்டறிந்தார். யப்பானியர் யாவாவைக் கைப்பற்றியதால் கொயினா கிடைக்காது தவித்த நேசநாட்டுப் படைகளுக்கு அது பேருதவியாயிற்று. யுத்தம் முடிந்தபின், 1946இல், இலங்கையில் அது பரந்த அளவில் பயன்படுத்தப்படலாயிற்று. குருதி உறிஞ்சிய நுளம்பு வீட்டுச் சுவரில் ஓய்ந்திருக்கும் இயல்புடையது. சுவரில் மருந்து படிந்திருப்பின் அங்கேயே மடியும். கைப்பம்பியுடன் வீடு வீடாகச் சென்று, பானை சட்டிகளை முற்றத்துக்கு அகற்றுவித்து, களிமண் சுவருக்கு மருந்தடித்த தொழிலாளரின் உழைப்பிலேயே இப்புதிய இரசாயனவியல் கிராமத்தை வந்தடைந்தது.

விளைவு வியக்கத்தக்கதாயிருந்தது. 1946இல் 1,000 பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டே ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. குழந்தை இறப்பு வீதம் 1,000 பிறப்புக்கு 141 இலிருந்து 101 ஆக வீழ்ந்தது. உலகெங்குமுள்ள பாடநூல்களில் இது டி.டி.ரி.யின் அற்புதம் என எடுத்தாளப்பட்டது. ஏழை நாடுகளின் சமூக அமைப்பை மாற்றாமலே, மேலைநாட்டு இரசாயனப் பொருளொன்றினால் மட்டும் அவற்றின் மரணத்தை விரட்டிவிடலாம் என்னும் வாதத்துக்கு இலங்கை சான்றாக்கப்பட்டது.

ஆயின் இம்முடிவு 1960களிலேயே கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. பீற்றர் நியூமன் 1965இல் மலேரியா ஒழிப்புக்கே பெரும் பங்கை அளித்தார். 1967இல் எஸ். ஏ. மீகம மாவட்டப் புள்ளிவிபரங்களை ஆராய்ந்து அதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். மலேரியா அரிதாக இருந்த பகுதிகளிலும் அதே ஆண்டுகளில் இறப்பு வீதம் வீழ்ச்சியடைந்தது என்பதே அவர் வாதத்தின் உயிர்நிலை. நுளம்பே இல்லாதவிடத்து நுளம்பு மருந்து உயிர்காத்தது எனக் கூறவியலாது. இக்காலத்தில் வேறு மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. 1942 முதல் பங்கீட்டரிசி வழங்கப்பட்டது. கிராமப்புறங்களில் வைத்தியசாலைகள் பெருகின. மருத்துவிச்சிகள் பயிற்றப்பட்டனர். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. டி.டி.ரி.யின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர் வேறுபடுவர். அது கணிசமானது என்பதை மறுப்பார் இலர். ஆனால், அது தனித்துச் செயற்படவில்லை. அதைத் தெளிக்கும் அணியும் தெளித்தபின் காய்ச்சல்காரரைத் தேடிச் செல்லும் மருத்துவ சேவையும், அவற்றைக் கோரிப் பெறும் அரசியல் உரிமையும் ஏலவே அங்கிருந்தன.

இவ்விவாதம் புள்ளிவிபரவியலாருக்கு மட்டும் உரியதன்று. உயிர்காத்தது மருந்து மட்டுமே எனக் கொண்டால், அரிசி மானியத்தையும் இலவச மருத்துவத்தையும் குறைப்பதனால் தீங்கு விளையாது எனக் கொள்ள நேரிடும். பிற்காலத்தில் நலன்புரிச் செலவைக் குறைக்குமாறு வற்புறுத்திய பொருளாதார ஆலோசகர்கள் சிலர் இத்தகைய நோக்கையே தம் வாதத்துக்குப் பின்புலமாகக் கொண்டிருந்தனர். ஒரு கண்டுபிடிப்பின் வரலாற்றை எவ்வாறு எழுதுகிறோம் என்பது மக்களின் உணவுத் தட்டைத் தொடுகின்ற விடயமாகும்.

6

கண்டுபிடிப்பு அன்றாட வாழ்வை மட்டுமன்றி நாட்டின் நிலப்படத்தையும் மாற்றியது. உலர் வலயத்தின் குடித்தொகையைப் பல நூற்றாண்டுகளாகக் கட்டுப்படுத்திய காரணிகளுள் மலேரியாவும் ஒன்று. 1930களில் மின்னேரியாவிற் தொடங்கிய அரசாங்கக் குடியேற்றம் நோயால் தடைப்பட்டுத் தடைப்பட்டே முன்னேறியது. 1946இன் பின்னர் அத்தடை அகன்றது. 1949இல் கல்லோயாத் திட்டம் ஆரம்பமாயிற்று. நிலமற்ற குடியானவருக்கு நிலம் கிடைத்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின், நிலப்பிரச்சினைக்கு அடிப்படைத் தீர்வு காணாது, ஈர வலயத்தின் பெருந்தோட்ட உடைமையைத் தொடாது, உலர் வலயத்துக்கு மக்களை நகர்த்திய இக்கொள்கை காலப்போக்கில் இனப் பிரச்சினையின் மையமாக மாறியது. யாரை, எங்கே, எந்த விகிதத்தில் குடியேற்றுவது என்பது அரசியலாயிற்று. 1956இல் கல்லோயாவில் வெடித்த வன்செயல் இலங்கைத் தமிழரின் நினைவில் ஆழப்பதிந்துள்ளது. நுளம்பை ஒழித்த மருந்து இதற்குப் பொறுப்பன்று. அது திறந்துவிட்ட நிலத்தை எவ்வாறு பயன்படுத்துவது எனத் தீர்மானித்த வர்க்கமும் அரசுமே பொறுப்பு.

7

1955இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவை உலகிலிருந்தே ஒழிக்கும் திட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. இலங்கை 1958இல் அத்திட்டத்தில் இணைந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கைகூடிவிட்டதெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பும் தளர்ந்தது. ஐந்தாண்டுகளுக்குள் நோய் மீண்டும் பெருகியது. 1969இல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எங்கோ ஒரு மூலையில், மாணிக்கக்கல் அகழும் குழிகளின் ஓரத்திலும் காட்டு வெளிகளிலும், எவரும் குருதி பரிசோதிக்காத மனிதர் சிலரிடத்து ஒட்டுண்ணி எஞ்சியிருந்தது. 17 என்னும் எண் நோயின் முடிவைக் காட்டவில்லை. தேடலின் எல்லையையே காட்டியது.

இந்நிகழ்ச்சி பற்றிப் பொதுமக்கள் விஞ்ஞானத்தில் ஒரு கட்டுக்கதை இன்றும் உலவுகிறது. ரேச்சல் காசன் 1962இல் எழுதிய நூலினால் எழுந்த சூழலியல் எதிர்ப்பே இலங்கை டி.டி.ரி.யைக் கைவிடக் காரணம் எனவும், ஆகவே பின்னர் நோயுற்றோரின் துன்பத்துக்கு அவரே பொறுப்பாளி எனவும் அது கூறும். வரலாறு அவ்வாறன்று. தெளிப்பு நிறுத்தப்பட்டமைக்கு நோயாளர் தொகை அருகியமையும் செலவுமே காரணங்கள். நோய் மீண்டதும் டி.டி.ரி. மீண்டும் தெளிக்கப்பட்டது. ஆனால் நுளம்புகள் அதற்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டிருந்தன. அதனாலேயே 1970களின் நடுப்பகுதி தொடக்கம் மலத்தியன் அதன் இடத்தைப் பெற்றது. இரசாயனக் கம்பனிகளின் இலாபத்துக்குக் கட்டுப்பாடு வேண்டாம் என வாதிடுவோருக்கு இக்கட்டுக்கதை கைகொடுத்தமையாலேயே அது நீண்ட ஆயுள் பெற்றது. இயற்கையைத் தன் வெற்றிகொண்ட அடிமையாக எண்ணும் மனிதன் அவ்வெற்றியின் எதிர்பாராத விளைவுகளையும் சந்திக்க நேரிடும் என்பதை ஏங்கெல்ஸ் ஏற்கெனவே உணர்த்தியுள்ளார். நுளம்பும் வரலாறு உடையது, அதுவும் மாறுகிறது.

1980களில் மகாவலித் திட்டத்தின் புதிய குடியேற்றங்களில் நோய் மீண்டும் தலைதூக்கியது. எதிர்ப்புச்சக்தியற்ற மக்கள் வாய்க்கால்களுக்கும் தேங்கிய நீருக்கும் அருகே ஒரே வேளையிற் குடியமர்த்தப்பட்டமை அதற்கு வாய்ப்பளித்தது. யுத்தகாலத்தில் வடக்குக் கிழக்கு மாகாணங்கள் பெருஞ்சுமையைத் தாங்கின. 1999இலும் நாட்டில் 2,60,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். ஆயின் அதன்பின் நோய் ஆண்டுதோறும் வீழ்ச்சியுற்றது. 2012 ஒக்டோபரின் பின் மூன்றாண்டுகளுக்கு மேலாக உள்நாட்டிற் தொற்றிய மலேரியா நோயாளர் எவரும் அறியப்படவில்லை. 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இவ்வெற்றியை எந்த ஒரு மருந்தின் பெயரோடும் இணைக்க முடியாது. மருந்தூட்டிய நுளம்பு வலை, மாறிமாறிப் பயன்படுத்தப்பட்ட பூச்சிகொல்லிகள், நடமாடும் சிகிச்சை நிலையங்கள், காய்ச்சல்காரர் ஒவ்வொருவரின் விரல்நுனியிலிருந்தும் எடுக்கப்பட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்ட குருதித்துளி ஆகிய யாவும் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. போர்முனையின் இருமருங்கிலும் மலேரியாத் தடுப்புப் பணியாளர் தம் கடமையைத் தொடர்ந்தனர். இடம்பெயர்ந்தோர் முகாம்களிலும் மருந்தும் வலையும் சென்றடைந்தன. பெயர் பொறிக்கப்படாத இம்மனிதரின் கூட்டுழைப்பே 1897இன் கண்டுபிடிப்பை நிறைவுசெய்தது. இதில் ஊதியம் பெறும் அரசாங்க ஊழியரே முதன்மையானவர். இலாபம் கருதும் எந்தத் தனியார் நிறுவனமும் நோயே இல்லாத கிராமத்தில் நோயைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலையாது.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். முதலாவதாக, கண்டுபிடிப்பும் அதன் பயனும் ஒன்றல்ல. அவற்றுக்கிடையே உடைமை, விலை, அரசு, மக்கள் இயக்கம் என்பன நிற்கின்றன. 1934இல் அறிவு இருந்தது. அதனை மக்களிடம் சேர்ப்பிக்கும் சமூக ஏற்பாடு இருக்கவில்லை. 1946இல் புதிய அறிவும் ஓரளவுக்கு ஏற்பாடும் ஒருங்கே வாய்த்தன. 1963இல் அறிவு இருந்தும் ஏற்பாடு தளர்ந்தது. இரண்டாவதாக, விஞ்ஞானம் ஆளும் வர்க்கத்தின் கருவி மட்டுமே என ஒதுக்குவதும் பிழையாகும். சாம்ராச்சியத்தின் தேவைக்குப் பிறந்த அறிவே பின்னர் வன்னிக் குடியானவனின் குழந்தையையும் காத்தது. யாருக்காகத் தோன்றியது என்பது ஒரு கேள்வி. யார் கையில் சேர்ந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான போராட்டமே முற்போக்குச் சக்திகளின் பணியாகும்.

மூன்றாவதாக, தமிழில் விஞ்ஞானம் எழுதுவோர் கவனிக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் போதித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் கிறீன் காலம் முதல், விஞ்ஞானத் தமிழ் பற்றிய நம் அக்கறை பெரும்பாலும் கலைச்சொற்களைச் சுற்றியே வந்துள்ளது. அப்பணி இன்றியமையாதது. எனினும் ஒட்டுண்ணி, எதிர்ப்புச்சக்தி, பூச்சிகொல்லி எனச் சொற்களை ஆக்கித் தந்தபின்னும், குளிசையின் விலை என்ன, தெளிப்பவருக்குக் கூலி என்ன, எந்தக் கிராமம் விடுபட்டது என்னும் வினாக்கள் எழுதப்படாவிடின் அவ்வெழுத்து பாதி உண்மையையே கூறும். மக்கள் விஞ்ஞானத்தை வியந்து நோக்கும் பார்வையாளராக மட்டும் இருத்தல் போதாது. அதனைக் கேட்டுப் பெறும் உரிமையாளராக அவர்களை ஆக்குவதே பொதுமக்கள் விஞ்ஞானத்தின் நோக்கமாதல் வேண்டும்.

இவ்வரலாறு இன்னும் முற்றுப்பெறவில்லை. சான்றிதழ் கிடைத்த அதே 2016ஆம் ஆண்டின் டிசம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சை என்னும் நுளம்பினம் முதன்முறையாக இனங்காணப்பட்டது. இந்திய நகரங்களில் நோயைப் பரப்பும் இந்நுளம்பு ஆற்றுக் குட்டையை நாடி நிற்பதில்லை. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகவல்லது. கிணற்றை நம்பி வாழும் வடபுலத்துக்கு இதன் பொருள் வெளிப்படை. வெளிநாடு சென்று திரும்புவோரிடம் ஒட்டுண்ணி ஆண்டுதோறும் வந்து சேர்ந்துகொண்டேயிருக்கிறது. அதனைக் கண்டறியும் ஆய்வுகூடப் பணியாளரும் பூச்சியியற் குழுவினரும் இருக்கும்வரை அது பரவும் வாய்ப்புக் குறைவு. நோயில்லாத நாட்டில் மலேரியா இயக்கத்துக்கு ஏன் இவ்வளவு பணம் என்னும் கேள்வி பொருளாதார நெருக்கடி தோன்றும் ஒவ்வொரு வேளையிலும் எழும். அதற்கான விடை 1963இலும் 1969இலும் எழுதப்பட்டுள்ளது.